துன் சம்பந்தனின் பொதுவாழ்வு கற்பிக்கும் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், "துன் சம்பந்தன் யார்?" என்று வினவினேன். வகுப்பில் சற்று நேரம் அமைதி நிலவியது. பின்னர் ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, அது கோலாலம்பூரில் இருக்கிற சாலை" என்றான். மற்றொருவன், "இரயில் நிலையம்கூட இருக்கிறது ஐயா" என்று சேர்த்துக்கொண்டான். இருவர் கூறியதும் உண்மையே. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் நடுவே செல்லும் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வழியே ஓடும் ஒற்றைத் தண்டவாள இரயிலின் நிலையம் ஒன்றும் அப்பெயரையே கொண்டுள்ளது. அவர் பெயர் சூட்டப்பெற்ற தமிழ்ப்பள்ளிகளும் இந்நாட்டில் உள. ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யார், அவர் செய்தது யாது, செய்ய இயலாமற் போனது யாது என்பவற்றை அம்மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம். நாம் சொல்லவில்லை என்பதே அன்று எனக்குக் கிடைத்த விடை.

தலைவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றனர். ஒன்று, குறையே காணாத புகழ்மாலை. மற்றொன்று, நிறையே காணாத வசைமாலை. இரண்டும் மாணவருக்குப் பயன்படா. எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகத்தின் தலைவர் எத்தகைய எல்லைக்குள் நின்று பணியாற்ற நேர்கிறது, அவ்வெல்லைக்குள் அவரால் எதைச் சாதிக்க முடிகிறது என்பதை ஆராய்ந்து அறிவதே வரலாற்றுக் கல்வியாகும். அந்நோக்கில் துன் வீ. தி. சம்பந்தனின் பொதுவாழ்வை ஈண்டு நோக்குவோம்.

பிறப்பும் வளர்ப்பும்

திருஞானசம்பந்தன் என்னும் முழுப்பெயர் கொண்ட அவர், 1919ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து 1896இல் மலாயாவுக்கு வந்து, தம் உழைப்பால் இரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். எனவே சம்பந்தன் தோட்டத்து மண்ணிலே பிறந்தவராயினும் லயத்திலே பிறந்தவர் அல்லர். இவ்வேறுபாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. வசதி படைத்த குடும்பத்தில் தோன்றிய ஒருவர், பெரட்டுக்கு நிற்கும் மக்களின் துயரைத் தம் துயராகக் கொண்டார் என்பதிலேதான் அவருடைய வாழ்க்கையின் சிறப்பு தொடங்குகிறது.

கோலகங்சாரிலுள்ள கிளிபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பயின்றபின், மேற்படிப்புக்காகச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அக்காலத்தில் இந்திய விடுதலை இயக்கம் மாணவர் உள்ளங்களையெல்லாம் ஆட்கொண்டிருந்தது. காந்தியடிகளின் கொள்கைகளில் ஈடுபாடும் தமிழில் பற்றும் கொண்டவராக அவர் மலாயா திரும்பினார். 1954இல் சுங்கை சிப்புட்டில் அவர் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளியை நிறுவியதும், அதனைத் திருமதி விசயலட்சுமி பண்டிட் திறந்து வைத்ததும் இவ்வீடுபாட்டின் பயன்களே.

அவர் திரும்பி வந்த மலாயா அமைதியான நாடாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனை அடுத்தே அவசரகாலச் சட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அது சம்பந்தனுக்கு இருபத்தொன்பது வயது நிறைவுற்ற நாள். துப்பாக்கிக்கும் கெடுபிடிக்கும் நடுவே தோட்டத் தொழிலாளர் அச்சத்தோடு வாழ்ந்த அவ்வட்டாரமே அவருடைய அரசியலுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

கட்சித் தலைமையும் எண்ணிக்கையின் எல்லையும்

மலாயா இந்தியர் காங்கிரஸ் என்னும் ம.இ.கா. 1946ஆம் ஆண்டு ஆகஸ்டில் தோற்றம் பெற்றது. ஜான் திவி, புத் சிங், கே. இராமநாதன், கே. எல். தேவாசர் ஆகியோர் முறையே தலைமை வகித்தனர். தொடக்க காலத்தில் கட்சியின் மேல்மட்டத்தில் ஆங்கிலங் கற்ற நகர்ப்புறத்தாரே மிகுந்திருந்தனர். இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பான்மையினரோ தோட்டங்களில் வாழ்ந்த தமிழர். 1955இல் சம்பந்தன் தலைமைப் பொறுப்பை ஏற்றபோதுதான் தோட்டத்துத் தமிழரின் மொழி கட்சியின் மொழியாயிற்று. அவர் 1973 வரை, அதாவது பதினெட்டு ஆண்டுகள், அப்பொறுப்பில் நீடித்தார்.

தேவாசர் தலைமையிலேயே, 1954இல், ம.இ.கா. கூட்டணியில் சேர்ந்துவிட்டது. அக்கூட்டணிக்குள் இந்தியருக்கு எத்துணை வலிமை இருந்தது? 1955ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளருள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். சீனர் 11 விழுக்காட்டினர். இந்தியரும் பிறரும் சேர்ந்து 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 52 இடங்களில் ம.இ.கா.வுக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டு. கூட்டணி 51 இடங்களை வென்றது, ம.இ.கா. தன் இரண்டையும் வென்றது. 1959இல் நாடாளுமன்ற இடங்கள் 104 ஆயின, ம.இ.கா. பெற்றவை மூன்று. இந்தியர் பெரும்பான்மையாக வாழும் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றேனும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இக்கணக்கை மாணவர் நன்கு உணர்ந்துகொள்ள வேண்டும். நாடு முழுவதும் சிதறி வாழும் ஒரு சிறுபான்மை, தன் வாக்குகளால் மட்டுமே யாரையும் வெற்றிபெறச் செய்ய இயலாது. அதன் தலைவர், பிற சமூகத்தாரின் வாக்குகளையும் பெற்றே மன்றத்தில் அமர்கிறார். ஆகவே அவர் அமைச்சரவையில் உரத்துப் பேசினால் தனித்துவிடப்படுவார்; பேசாதிருந்தால் தம் மக்களால் பழிக்கப்படுவார். சம்பந்தன் தேர்ந்துகொண்ட வழி நட்பின் வழி. துங்கு அப்துல் ரஹ்மானிடத்தில் அவர் கொண்டிருந்த நெருக்கமும் நம்பிக்கையும் அவருடைய அரசியலுக்கு அடித்தளமாயின. நட்பினால் பெறக்கூடியவற்றை அவர் பெற்றார். அந்நட்பிற்குரியவர் பதவி விலகியபின், சம்பந்தனின் செல்வாக்கும் விரைந்து சரிந்தது. நட்பின் வழிக்குள்ள வலிமையும் அதன் குறையும் இவையே.

1955இல் தொழில் அமைச்சர், 1957இல் சுகாதார அமைச்சர், 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர் எனப் பல பொறுப்புகளை அவர் வகித்தார். 1967இல் துன் விருது பெற்றார். எனினும் அவர் வகித்த பதவிகளின் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதால் மாணவர் அவரை அறிந்துவிட மாட்டார். குடியுரிமை, கல்வி, நிலம் ஆகிய மூன்றிலும் நேர்ந்தவற்றைக் கண்டால்தான் அவரை அறிய முடியும்.

குடியுரிமை

என் தந்தையார் பால்மரம் சீவியவர். அவர் மறைந்தபின் வீட்டிலிருந்த பழைய தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதனுள் இரண்டு பொருள்களைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார். ஒன்று, என் பாட்டியாரின் சிவப்பு அடையாள அட்டை. மற்றொன்று, தந்தையாரின் கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகம். சம்பந்தனின் பொதுவாழ்வை எண்ணும்போதெல்லாம் இவ்விரண்டும் என் நினைவுக்கு வருகின்றன. முதலில் அடையாள அட்டையைப் பற்றிச் சொல்கிறேன்.

1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு, விடுதலை நாளுக்குப்பின் இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புரிமையால் குடியுரிமை வழங்க வகை செய்தது. அதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் குறிப்பிட்ட ஆண்டுகள் தங்கியிருந்ததைக் காட்டி விண்ணப்பிக்கலாம். தேசிய மொழி அறிவுத் தேர்வும் ஓராண்டுக் காலத்திற்குத் தளர்த்தப்பட்டது. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளர்க்கு அது பெரும் வாய்ப்பு. இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கப்பட்டதை ஒப்பிட்டுப் பார்த்தால், மலாயாவில் கிடைத்ததன் அருமை விளங்கும். இரு நாட்டிலும் ஒரே தமிழகத்து ஊர்களிலிருந்து புறப்பட்ட கூலிமக்களே தோட்டங்களை உருவாக்கினர். அங்கே கதவு அடைக்கப்பட்டது. இங்கே திறந்து வைக்கப்பட்டது. கூட்டணிக்குள் இந்தியரின் பிரதிநிதியாக நின்ற சம்பந்தனுக்கும் அவருடைய கட்சியினர்க்கும் இதில் பங்குண்டு.

ஆயினும் திறந்த கதவின் வழியே எல்லாரும் நுழையவில்லை. ம.இ.கா.வினரும் தொழிற்சங்கத்தாரும் முயன்று பலரைக் குடிமக்களாகப் பதிவு செய்வித்தனர். அவர்களுடைய முயற்சி எட்டாத தோட்டங்களும் இருந்தன. எட்டியும் ஏற்காத உள்ளங்களும் இருந்தன. "இன்னும் இரண்டு வருசத்தில் ஊருக்குப் போய்விடப் போகிறோம், நமக்கு எதற்கு அந்தக் காகிதம்?" என்பது என் பாட்டியார் அடிக்கடி கூறிய சொல் எனத் தந்தையார் சொல்வார். பாட்டியார் ஊருக்குப் போகவும் இல்லை. குடியுரிமை பெறவும் இல்லை. சிவப்பு அட்டையோடே இம்மண்ணில் கண்மூடினார்.

இதன் விளைவு பின்னர்ப் பெருந்துன்பமாக வெளிப்பட்டது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமையற்றோர் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 1969, 1970ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் இந்நாட்டை விட்டு நீங்கினர். பல்லாண்டு உழைத்தவர்கள், பிள்ளைகளை இங்கு விட்டும் உடன் அழைத்தும் கப்பலேறினர். அப்போது சம்பந்தன் அமைச்சராகவே இருந்தார். அவரால் அதனைத் தடுத்து நிறுத்த இயலவில்லை. இவ்வுண்மையை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் நேர்மையன்று.

கல்வி

தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் தோன்றியதற்குத் தோட்ட முதலாளிகளின் அருளுள்ளம் காரணமன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத் தொகுப்பு, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. அவ்விதியின் பயனாகக் கிராணியோ கங்காணியோ பாடஞ்சொன்ன ஓலைக்கொட்டகைகளும் பள்ளிகள் எனப்பட்டன. விடுதலையின்போது அத்தகைய பள்ளிகள் எண்ணூறுக்கு மேல் இருந்தன.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் ஏற்றுக்கொண்டன. பொதுப் பாடத்திட்டம், அரசாங்க உதவி, தகுதிபெற்ற ஆசிரியர் ஆகியவை கிடைத்தன. ஆனால் தமிழ் வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றது. இடைநிலைப் பள்ளிக்குச் செல்லுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்தவர் நம்முள் பலர். மேலும், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தைக் கல்வி அமைச்சருக்கு அளித்திருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே அவ்வச்சம் நீங்கியது. சம்பந்தன் இன்னும் வலிந்து போராடியிருக்க வேண்டும் என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர். மன்றத்தில் மூன்று இடங்களை மட்டுமே கொண்ட கட்சி, பள்ளிகள் மூடப்படாமல் காத்ததே பெரிது என்று வாதிடுவோரும் இருந்தனர். இரு சாராரின் வாதத்திலும் உண்மையுண்டு. இன்று நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்குள் இயங்குகின்றன என்பதை, அன்று ஏற்கப்பட்ட அந்த உடன்பாட்டின் பயனாகவும் கொள்ளலாம். அதன் எல்லையாகவும் கொள்ளலாம்.

தோட்டத் துண்டாடல்

சம்பந்தனின் பெயரை நிலைநிறுத்திய செயல் அமைச்சரவையில் நிகழ்ந்ததன்று. அது தோட்டத்து லயங்களில் நிகழ்ந்தது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், அவசரகால நிலையாலும் எதிர்காலம் பற்றிய ஐயத்தாலும் ஆங்கிலேய உரிமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்கலாயினர். அவற்றை வாங்கிய வணிகக் குழுவினர், முழுத்தோட்டமாக வைத்திராமல் சிறுசிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. சட்டப்படி 100 ஏக்கரும் அதற்கு மேற்பட்டதுமே தோட்டம். அதற்குக் குறைந்தது சிறுதோட்டம். துண்டாடப்பட்ட நிலத்தை வாங்கியவர்க்கு லயம் கட்டித்தரும் கடமையில்லை; மருந்தகம், குழந்தை காப்பகம், பள்ளி ஆகியவற்றை நடத்தும் கடமையுமில்லை. அவர்கள் குறைந்த ஆட்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்திக்கொண்டனர்.

ஒரு தோட்டம் துண்டாடப்பட்டால் தொழிலாளி வேலையை மட்டும் இழப்பதில்லை. வீடும் தண்ணீரும் போயின. பிள்ளைகளின் பள்ளி போயிற்று. அவன் தலைமுறையாக வழிபட்ட மாரியம்மன் கோயிலும் பிறர் நிலத்தில் நின்றது. அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தவனுக்கு அம்மண்ணில் ஓரடி நிலமும் உரிமையில்லை என்பது அப்போதுதான் புலப்பட்டது. என் தந்தையார் இளமையில் வேலை செய்த தோட்டமும் அவ்வாறே துண்டாடப்பட்டது. ஒரு மாதக் கெடுவில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள் என்றும், அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு வேலை கேட்டுச் சென்றோம் என்றும் அவர் கூறக் கேட்டிருக்கிறேன்.

இச்சிக்கலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையிலான குழு அறிக்கை அளித்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்டனக் குரல் எழுப்பியது. துண்டாடலைச் சட்டத்தால் அறவே தடுக்க வேண்டும் என்பதே பலரின் கோரிக்கை. அச்சட்டம் உரிய காலத்தில் வரவில்லை. கூட்டணி அரசில் அங்கம் வகித்த சம்பந்தனாலும் அதனைக் கொண்டுவர இயலவில்லை. அரசிடமிருந்து கிடைக்காததை மக்களிடமிருந்து திரட்ட முடியுமா என்று அவர் எண்ணினார்.

பத்து வெள்ளி

1960ஆம் ஆண்டு மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன் திட்டம் எளியது. தோட்டங்களை விற்பவர் விற்கட்டும். அவற்றை வாங்குபவர் தொழிலாளராகவே இருக்கட்டும். ஒரு பங்கு 100 வெள்ளி. அதனை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். திரண்ட தொகையைக் கொண்டு சங்கம் தோட்டத்தைத் துண்டாடாமல் முழுமையாக வாங்கும்; தொழிலாளர் அங்கேயே வேலை செய்வர்; ஆதாயத்தில் பங்கும் பெறுவர்.

இன்று பத்து ரிங்கிட் சிறுதொகை. அன்று பால்மரம் சீவியவனுக்கு அது சில நாள் கூலி. அத்தொகையை எழுத்தறியாத ஒருவன் முன்பின் அறியாத சங்கத்திடம் கொடுப்பது எளிதன்று. தமிழர் நடுவே பணம் திரட்டி மறைந்தோர் கதைகளும் அவனுக்குத் தெரியும். ஆகவே சம்பந்தன் தாமே தோட்டம் தோட்டமாகச் சென்றார். துணைவியார் தோ புவான் உமாசுந்தரியும் அப்பயணங்களில் பங்கு கொண்டார். அமைச்சர் ஒருவர் கோயில் திடலில் நின்று, நில உரிமை என்றால் என்ன, பங்கு என்றால் என்ன என்று எளிய தமிழில் விளக்கியதைத் தொழிலாளர் முதன்முறையாகக் கேட்டனர். 1961இல் கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கத்தின் முதல் தோட்டம் அதுவே. தொடர்ந்து வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் உடைமையாயின. உறுப்பினர் தொகை பல்லாயிரமாகப் பெருகிற்று.

என் தந்தையாரின் பங்குப் புத்தகத்தில் மாதந்தோறும் பத்து வெள்ளி கட்டியதற்கான பதிவுகள் உள்ளன. இரண்டு மாதங்கள் வெற்றாக உள்ளன. அவை என் அக்காள் நோயுற்றிருந்த மாதங்கள் எனத் தாயார் கூறினார். கையொப்பமிட வேண்டிய இடத்தில் முதற்பக்கத்தில் பெருவிரல் ரேகை இருக்கிறது. பின்னர் அவர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். எங்கள் தோட்டத்து ஆசிரியர் ஒருவரே மாலை நேரத்தில் அவருக்கு எழுத்தறிவித்தவர். சங்கத்தின் விண்ணப்பப் படிவங்களை அத்தோட்டத்தில் நிரப்பிக் கொடுத்தவரும் அவ்வாசிரியரே.

இச்சங்கத்திற்கும் குறைகள் இல்லாமலில்லை. விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் அதனால் வாங்க இயலவில்லை. துண்டாடலால் இடம்பெயர்ந்தோர் அனைவரையும் காக்கவும் இயலவில்லை. பங்குதாரர் எல்லாரும் தாம் பங்கு கொண்ட நிலத்திலேயே வாழ்ந்தவர் அல்லர். தொழிலாளி தனித்தனியே நிலவுரிமை பெறவும் இல்லை. ஆயினும் கூலி வாங்கப் பிறந்தவன் என்று தன்னைக் கருதியிருந்த ஒருவன், தன் பெயரால் ஒரு பங்குப் புத்தகத்தைக் கையில் ஏந்தினான். அச்சங்கம் இன்றும் இயங்கி வருகிறது. அதனை நிறுவியவரின் ஆட்சி முடிந்தபின்னும் நிலைத்து நிற்பதே அதன் உறுதிக்குச் சான்று.

இறுதி ஆண்டுகள்

1969ஆம் ஆண்டு மே 13 நிகழ்வுகளுக்குப்பின் நாட்டு அரசியலின் போக்கு மாறியது. 1970இல் துங்கு பதவி விலகினார்; துன் அப்துல் ரசாக் பிரதமரானார். ம.இ.கா.வுக்குள்ளோ சம்பந்தனுக்கும் துணைத்தலைவர் வி. மாணிக்கவாசகத்துக்கும் இடையே நெடுநாள் தலைமைப் போட்டி நிலவியது. கூட்டங்களில் குழப்பமும் உறுப்பினரிடையே பிளவும் மிகுந்தன. சமூகத்தின் சிறிய வலிமையும் உட்பூசலால் மேலும் சிறுத்தது. பிரதமரின் தலையீட்டை அடுத்து, 1973 சூன் இறுதியில் சம்பந்தன் தலைமையிலிருந்து விலகினார்; மாணிக்கவாசகம் அப்பொறுப்பை ஏற்றார். பதினெட்டு ஆண்டுகள் ஒருவரே தலைவராக இருந்து, அடுத்தவர்க்கு உரிய காலத்தில் வழிவிடாமை சம்பந்தனின் குறைகளுள் ஒன்று என்றே கருத வேண்டியுள்ளது.

1972 முதல் 1974 வரை தேசிய ஒற்றுமை அமைச்சராகவும், பின்னர்த் தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகவும் அவர் பணியாற்றினார். 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் காலமானார். வளமான குடும்பத்தில் பிறந்த அவர், தந்தைவழிச் சொத்தைப் பொதுவாழ்விலே கரைத்தார் என்று அவரை அறிந்தோர் கூறுவர். பொதுவாழ்வால் சொத்துச் சேர்ப்போரையே கண்டு பழகிய மாணவர்க்கு இதனை அழுத்திச் சொல்ல வேண்டும்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

மீண்டும் அத்தகரப்பெட்டிக்கு வருவோம். ஒரே குடும்பத்தில், ஒரே தலைவரின் காலத்தில், பாட்டியாரின் கையில் சிவப்பு அட்டையும் மகனின் கையில் பங்குப் புத்தகமும் இருந்தன. குடியுரிமை, சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட உரிமை. அதனைப் பெற இத்தனை வெள்ளி கட்ட வேண்டுமென்றுகூட இருக்கவில்லை. ஆயினும் அது என் பாட்டியாரை அடையவில்லை. பங்கோ, பட்டினி கிடந்து பத்து வெள்ளி கட்ட வேண்டியது. அது என் தந்தையாரை அடைந்தது. இம்முரணுக்குக் காரணம் யாது?

பங்கினைப் பற்றி ஒருவர் லயத்து வாசலுக்கு வந்து சொன்னார். மற்றொருவர் படிவம் நிரப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் ஒருவர் வந்து கேட்டார். குடியுரிமையைப் பற்றி என் பாட்டியாரிடம் அவ்வாறு அமர்ந்து, அவர் அச்சம் நீங்குமளவு பேசியவர் எவருமில்லை. மேலே பெறப்படும் உரிமை கீழே உள்ளவனின் கைக்கு வந்து சேரும்வரை அரசியல் பணி முடிவதில்லை என்பதே சம்பந்தனின் வெற்றியும் தோல்வியும் சேர்ந்து நமக்குக் கற்பிக்கும் பாடம்.

அவ்விடைவெளியில் நிற்பவர் எவர்? அன்று எங்கள் தோட்டத்தில் நின்றவர் ஓர் ஆசிரியர். அவர் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. இன்று நம் பள்ளிகளுக்கு வரும் பெற்றோருள்ளும் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த அலுவலகத்துக்குச் செல்வதென்று அறியாமல் நிற்போர் உள்ளனர். அவர்களைத் திருப்பி அனுப்புவது எளிது. அமர வைத்து, படிவத்தை நிரப்பி, உடன் செல்வது கடினம். ஆசிரியப் பயிற்சியில் இது எவரும் கற்பிக்காத பாடம். எனினும் நம் முன்னோரான தோட்டத்து ஆசிரியர்கள் செய்து காட்டிய பாடம்.

துன் சம்பந்தன் யார் என்ற வினாவுக்கு, அவர் ஒரு சாலையின் பெயர் என்று சொன்ன மாணவனுக்கு அன்று நான் கூறிய விடை இதுதான்: "அவர் உன் தாத்தாவைப் போன்றவர்களிடம் பத்து வெள்ளி கேட்டு வந்தவர். அந்தப் பத்து வெள்ளியால் அவர்களை நிலத்துக்கு உரியவர்களாக்க முயன்றவர்." அச்சிறுவன் வீட்டுக்குச் சென்று விசாரித்திருக்கிறான். மறுநாள் காலையில் என் அறை வாயிலில் வந்து நின்று, "ஐயா, எங்கள் வீட்டிலும் அந்தப் புத்தகம் இருக்கிறது" என்றான்.

அப்புத்தகங்கள் பழைய பெட்டிகளிலேயே மக்கிப் போகுமுன், அவற்றின் வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைப்பது நம் கடன்.